அஞ்சலையின் இடத்தில் நின்றவள்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் நாலு வார்த்தை பேசச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நாலு வார்த்தையோடு நிறுத்தத் தெரிந்திருந்தால் நான் எப்போதோ நல்ல பேர் வாங்கியிருப்பேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த வேலை மேல் எனக்குப் பெரிய காதல் ஒன்றும் கிடையாது. செய்தேன், அலுத்துப்போனேன், பென்ஷன் வாங்குகிறேன். சின்னக் கடைக்காரர்களும் பட்டறைக்காரர்களும் தங்கள் ஆட்களுக்கு நோய் வந்தால் பார்க்க ஏற்பாடு செய்திருக்கிறார்களா, அந்த ஏற்பாட்டை நடத்துகிறவன் யோக்கியமாக நடத்துகிறானா என்று அரசாங்கத்தின் சார்பில் மூக்கை நுழைப்பது நம் பிழைப்பு. மூக்கை நுழைக்கிறவனுக்கு எவனும் இலை போட்டுப் பரிமாற மாட்டான். அதை இன்றைக்கே மனசில் போட்டுக்கொள்ளுங்கள்.

எந்த விதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று நான் சொல்லித்தரப் போவதில்லை. அதற்குப் புத்தகம் இருக்கிறது, கண்ணும் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாத ஒரு சங்கதியைச் சொல்கிறேன்.

நான் வேலையில் சேர்ந்தபோது புதுச்சேரியில் கொடி மாறி ஒன்றிரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. கொடி மாறியதே தவிர சட்டம் மாறவில்லை. பிரெஞ்சுக்காரன் எழுதிவைத்தது அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. டெல்லியிலிருந்து புதுசு வரும், வரும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பழைய மாமியார் வீட்டை விட்டுப் போகவில்லை, புது மாமியார் வாசலில் நிற்கிறாள், நடுவில் மாட்டிக்கொண்ட மருமகள் மாதிரி எங்கள் ஆபீஸ். யாரைக் கேட்டாலும் "பார்த்துச் செய்" என்பார்கள். பார்த்துச் செய்தால் "யாரைக் கேட்டுச் செய்தாய்" என்பார்கள்.

பெரிய ஆலைகளுக்குச் சொந்தமாக டாக்டர் உண்டு, மருந்து உண்டு. ஐந்து பேர், ஆறு பேர் வைத்து வேலை வாங்குகிற ரொட்டிக் கடைக்காரனும் செக்குக்காரனும் என்ன செய்வான்? அப்படிப்பட்டவர்கள் பலர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். நோய்ச் சங்கம் என்றுதான் ஊரில் பேர். தொழிலாளி கூலியில் கொஞ்சம், முதலாளி பங்கு கொஞ்சம் மாதாமாதம் சங்கத்துக்குப் போகும். ஆள் படுத்துவிட்டால் டாக்டர், மருந்து, ஊசி எல்லாம் சங்கத்தின் பொறுப்பு. ஒவ்வொரு வருஷமும் அது நடக்க அனுமதி கொடுப்பது எங்கள் ஆபீஸ். கொடுக்காமல் நிறுத்தவும் எங்களால் முடியும். முடியும் என்பது வேறு, நிறுத்துவது வேறு. நிறுத்தினால் அத்தனை பட்டறை ஆட்களும் நடுத்தெருவில் நிற்பார்கள். சங்கத்தின் செயலாளருக்கு இது நன்றாகத் தெரியும்.

அவர் ஒருநாள் காலையில் ஆபீசுக்கு வந்தார். செக்கு வைத்திருக்கும் மனிதர், கனத்த உடம்பு. மாடிப்படி ஏறிய மூச்சு அடங்குவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"சார், ஒரு ஞாயம் சொல்லுங்க. காசநோய் வந்து பெரியாஸ்பத்திரியில ஊசி போட்டுக்கினு படுத்திருக்கிறவ, பாகூர்ல புள்ள பெத்து அதுக்குக் காப்பும் போட்டிருக்கான்னா, அது எப்பிடி?"

விஷயம் இதுதான். நெல்லித்தோப்புப் பக்கம் ஒரு சோடா கம்பெனி. அங்கே தொட்டியில் பாட்டில் கழுவுகிறவள் அஞ்சலை. சங்கத்தில் பேர் உள்ளவள். சங்கத்துக் கணக்குப்படி அவளுக்கு இருமல் கண்டு, ரத்தம் வந்து, சங்கத்து டாக்டர் பார்த்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார். ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி அப்போதுதான் ஊரில் பரவலாக வந்த காலம். வெளியில் வாங்கித்தான் போட வேண்டும், விலையும் அதிகம். சங்கம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது. செயலாளருடைய மச்சான் பாகூர்க்காரர். அவர் ஏதோ பேச்சுவாக்கில், சோடா கம்பெனி அஞ்சலைக்குத் தலைப்பிரசவம் ஆகி ஆண் குழந்தை பிறந்திருக்கிறது, காப்பு போடுகிற அன்றைக்கு நானும் போய்ச் சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டார்.

"படுத்திருக்கிறவ அவ தங்கச்சி பவுனு. ஊசியை நேத்தே நிறுத்திட்டேன்" என்றார் செயலாளர். "அந்தக் கம்பெனியவே சங்கத்தை விட்டுத் தள்ளணும். நீங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

"ஊசியை நிறுத்திட்டீங்களா? யாரைக் கேட்டு?"

"இன்னா சார் கோவிக்கிறீங்க? சரி, ஒண்ணு செய்யுங்க. நீங்க போயி விசாரிச்சி, படுத்திருக்கிறவதான் அஞ்சலைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. மச்சான் ஆளை மாத்திப் பாத்துட்டான்னு நெனச்சிக்கிறேன். எனக்கென்ன அவ மேல வெரோதமா?"

கெட்டிக்காரர். பாரத்தை என் தலையில் ஏற்றிவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

இந்த ஊர்ப் பழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். உங்களில் பலர் வெளியூர். இங்கே சின்னப் பட்டறைகளில் யாரும் லீவு கேட்டுப் பார்த்திருக்க முடியாது. கேட்டால் வேலை போய்விடும். பிரசவம், காய்ச்சல், நடவு, சாவு எதுவானாலும் வீட்டிலிருந்து வேறொருவர் வந்து அந்த இடத்தில் நின்றுகொள்வார். அக்காளுக்குத் தங்கை, அப்பனுக்கு மகன், ஓரகத்திக்கு ஓரகத்தி. மாத்தாள் என்று பேர். முதலாளிக்கும் சம்மதம், வேலை நடந்தால் சரி. மாத்தாளுக்குக் கூலி உண்டு, பேர் கிடையாது. இடத்துக்கு உரியவர் திரும்பி வந்ததும் பேசாமல் விலகிக்கொள்ள வேண்டும். அதில் இதுவரை யாரும் யாரையும் ஏமாற்றியதாக நான் கேட்டதில்லை.

சோடா கம்பெனிக்குப் போனேன். முதலாளி தணிகாசலம் என்னைக் கண்டதும் கலர் சோடா ஒன்று உடைத்து நீட்டினார். வாங்கவில்லை. எதுவும் வாங்கிக் குடிக்காதீர்கள், தாகமாக இருந்தாலும்.

"அக்காளுக்கு மாத்தாளா வந்தப்ப பொண்ணு நல்லாத்தான் சார் இருந்துச்சி" என்றார். "கிண்ணுனு இருந்துச்சி. மழைக்காலம் பூரா ஈரத்துலயே நின்னுச்சி. அப்பறம் இருமல். டாக்டரு பேரு கேட்டாரு. நான் பவுனுன்னு சொன்னா அப்பவே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அஞ்சலைன்னு சொன்னேன். தப்புதான். ஆனா உசுருன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"அவ அஞ்சலைதான்னு நான் எழுதணும். அதானே சொல்ல வர்றீங்க?"

"எழுதிட்டுப் போங்களேன் சார். உங்க கையா தேஞ்சிடும்?"

ஆஸ்பத்திரியில் டாக்டரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். ஊசியைப் பாதியில் விடுவது ஆரம்பிக்காமலே இருந்ததைவிட மோசம், சீக்கிரம் ஏதாவது செய், நீ எந்தப் பேரை எழுதினாலும் எனக்கு நுரையீரல் ஒன்றுதான் என்றார். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. எழுதிவிடுவது என்று பாதி முடிவு செய்துகொண்டுதான் வார்டுக்குள் போனேன்.

அந்த வார்டைப் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு கன்னியாஸ்திரி. மாசேர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். கட்டில் தலைமாட்டில் ஒரு பலகையில் அஞ்சலை என்று எழுதித் தொங்கியது. அதன் கீழே படுத்திருந்தவளுக்கு இருபது வயசு இருக்கலாம். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கண் மட்டும் பெரிசாக, நன்றாக விழித்துக்கொண்டிருந்தது.

சுற்றி வளைக்காமல் கேட்டேன். "உம் பேரு என்னம்மா?"

தலைமாட்டுப் பலகையை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். "அதுல போட்டிருக்கிற பேருதான் சார்."

"பயப்படாத. நான் ஊசிய நிறுத்த வரல."

மாசேர் தள்ளிப் போகும்வரை காத்திருந்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "பவுனு. எங்க அக்காவுக்குப் புள்ள பொறந்திருக்குதாம். இன்னும் பாக்கல. பாக்கக் கூடாது, ஒட்டிக்கும்."

"சரிம்மா. உங்க முதலாளி உன்ன அஞ்சலைன்னே எழுதிடச் சொல்றாரு. எழுதினா இன்னிக்கே ஊசி வந்துடும்."

அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பக்கத்துக் கட்டில்ல ஒரு அம்மா செத்துப் போச்சி சார். பலகையப் பாத்துதான் பேரு எழுதிக்கினு போனாங்க. நானும் போயிட்டா அப்பிடித்தானே எழுதுவாங்க? நான் செத்தாலும் எங்க அக்கா பேருலதான் சாவணுமா? அப்ப எங்க அக்கா?"

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை படித்தவர்கள், நான், டாக்டர், செயலாளர், யாருக்கும் இது தோன்றவில்லை. தோன்ற வேண்டியதும் இல்லை, சாகப் போகிறவர்கள் நாங்கள் இல்லையே. இந்த ஊரில் பிறப்பு, இறப்புப் பதிவை எத்தா சிவில் என்பார்கள். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போனதிலேயே இரும்பு மாதிரி உறுதியானது அதுதான். அதில் ஒருதரம் அஞ்சலை செத்தாள் என்று ஏறிவிட்டால், பாகூரில் குழந்தையை மடியில் வைத்திருக்கிற அஞ்சலை, நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று கோர்ட்டு கோர்ட்டாக ஏற வேண்டும்.

"பொழச்சிக்குவ" என்றேன். வேறு என்ன சொல்வது?

"பொழச்சா எந்தப் பேருல பொழச்சா என்னா சார்" என்றாள். "அதுக்கு ஒண்ணும் இல்ல."

ஆபீசுக்கு வந்து எங்கள் அதிகாரியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். முசே என்று கூப்பிடுவோம். தமிழர்தான், ஆனால் அரை வாழ்க்கை பிரெஞ்சிலேயே எழுதிக் களைத்தவர். பாரீசில் இருக்கும் மகளிடம் போவதா, இங்கேயே இருப்பதா என்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே நாளைக் கழிப்பார். அவர் ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"பொய் எழுதினா இன்னிக்கே ஊசி. நிஜத்தை எழுதினா சண்டை போடணும், நாளாகும்" என்றார். "ரெண்டுலயும் ஆபத்து இருக்கு. ஒண்ணு மட்டும் தெரிஞ்சிக்க. நாளைக்கு வம்பு வந்தா முதலாளி பேச்சை மாத்துவான், செயலாளர் மாத்துவார். நீ போட்ட கையெழுத்து மாறாது."

"நீங்க என்ன செய்வீங்க?"

"நான் நாளைக்கு இருப்பனான்னே தெரியலப்பா. போ, போயி செய்."

இவ்வளவுதான் எனக்குக் கிடைத்த குரு உபதேசம். அன்றைக்கு அவர் மேல் எரிச்சலாக வந்தது. இப்போது இல்லை.

மறுநாள் காலையில் சங்கத்துக்குப் போனேன். கடைத்தெருவில் ஒரு மாடி அறை. செயலாளர், அவருக்கு ஒரு மேசை, மூலையில் கணக்கு எழுதுகிற குமாஸ்தாவுக்கு ஒரு நாற்காலி. படுத்திருப்பவள் பவுனுதான், அஞ்சலை இல்லை, அப்படித்தான் எழுதப்போகிறேன் என்று நேராகச் சொன்னேன். செயலாளர் முகம் மலர்ந்தது. ஊசியை மறுபடி ஆரம்பிக்க வேண்டும் என்றும் சொன்னேன். மலர்ந்த முகம் சுருங்கியது.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். அவர் சொன்னது அநியாயம் இல்லை. "சார், இன்னிக்கி நல்லா இருந்த பொண்ணு மாத்தாளா வந்திச்சி, படுத்துக்கிச்சி. ஒத்துக்கிறேன். இதுக்குக் குடுத்தேன்னு தெரிஞ்சா நாளைக்கு இன்னா நடக்கும்? வீட்டுல எவன் இருமுறானோ அவனை மாத்தாளா அனுப்புவாங்க. ஊர்ல இருக்கிற நோயாளி எல்லாம் எங்க சங்கத்துக்குள்ள வந்துடுவான். சங்கம் படுத்துக்கும். அப்ப அந்த ரொட்டிக்கடைக்காரன் ஆளுங்களுக்கு யாரு மருந்து வாங்கிக் குடுப்பா, நீங்களா?"

உண்மைக்கு என்ன பதில்? நோய் வந்த பிறகு சேரலாம் என்றால் நோய்க்கு முன்னால் எவன் சேருவான்? உங்களிடம் வருகிற இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரன் கோட்டுப் போட்டுக்கொண்டு சொல்வதும் இதையேதான். அவன் சொல்வதை எல்லாம் பொய் என்று நினைத்துக்கொண்டு உட்காராதீர்கள்.

செயலாளருக்குத் தெம்பு வந்துவிட்டது. சங்கத்தின் விதிப் புத்தகத்தை எடுத்துக் காட்ட நினைத்து, மூலையைப் பார்த்து, "கோவிந்தா, அந்த விதிப் புத்தகத்தை எடு" என்றார்.

குமாஸ்தா எழுதிக்கொண்டே இருந்தான்.

"டேய் கோவிந்தா!"

அவன் திடுக்கிட்டு எழுந்தான். எனக்குப் பொறி தட்டியது. போன வருஷம் அனுமதிக்காக இந்தச் சங்கத்திலிருந்து ஆபீசுக்கு வந்த கோவிந்தன் எனக்குத் தெரிந்தவன். வழுக்கைத் தலை. இவனுக்குச் சுருட்டை முடி.

"தம்பி, நீ கோவிந்தனா?" என்றேன்.

அவன் செயலாளரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "கோவிந்தன் எங்க அண்ணன் சார். சைக்கிள்லேந்து விழுந்து காலு ஒடிஞ்சிபோச்சி. மாவுக்கட்டு போட்டிருக்கு. அதுவரைக்கும் நான்..."

"மாத்தாளு" என்று முடித்தேன்.

செயலாளர் கையை வீசினார். "அட, அதுக்கென்னா சார்? அவன் வூட்டு வேலை, அவன் தம்பி பாக்குறான். யாரு ஒக்காந்தாலும் அந்த நாற்காலிக்குப் பேரு கோவிந்தன்தான்!"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. தெருவில் ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. செயலாளர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், பிறகு கழுத்தைத் துடைத்தார்.

"நல்லா மாட்டிக்கினேன்" என்றார்.

"இந்தத் தம்பி நாளைக்குப் படுத்துக்கிட்டா என்ன செய்வீங்க?"

"விட்டுடுவனா? எங்க ஆளு சார் அவன்."

"அந்தத் தொட்டிகிட்ட நின்னவளும் உங்க ஆளுதான். அவ கூலியிலேந்தும் சங்கத்துக்குப் பிடிச்சிருக்கீங்க."

கோபம் தணிந்த பிறகு அவர் நல்ல மனிதராகத்தான் இருந்தார். பலர் அப்படித்தான். இருவரும் உட்கார்ந்து ஒரு வழி கண்டுபிடித்தோம். சங்கம் காப்பது பேரை அல்ல, வேலை செய்கிற இடத்தை. அந்த இடத்தில் முதலாளிக்குத் தெரிந்து யார் நின்றாலும் அவர் சங்கத்து ஆள். ஆனால் மாத்தாள் வருகிற அன்றைக்கே முதலாளி சங்கத்துக்குச் சொல்லிவிட வேண்டும், சங்கத்து டாக்டர் ஒருதரம் பார்த்துவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் செலவு முதலாளி தலையில். இருமுகிறவனை மாத்தாளாக அனுப்பும் பயம் இதில் அடங்கிவிட்டது. செயலாளருக்குத் திருப்தி. பவுனு வந்தபோது நன்றாக இருந்தாள் என்று சோடா கம்பெனிக்காரரும் மற்ற ஆட்களும் சொன்னதை ஏற்றுக்கொண்டார். முசே ஒரு வார்த்தையைக்கூட மாற்றாமல் ஆணையில் கையெழுத்துப் போட்டார். சட்டத்தில் இதற்கு இடம் இருந்ததா? இல்லை என்று சொல்லவும் அப்போது ஆள் இல்லை.

இதற்கெல்லாம் சேர்த்து ஒரு வாரம் போல ஆகிவிட்டது. அந்த ஒரு வாரமும் அவளுக்கு ஊசி இல்லை.

ஊசி மறுபடி ஆரம்பித்த அன்றைக்கு வார்டுக்குப் போனேன். மாசேர் பலகையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு பவுனு என்று சாக்குக்கட்டியால் எழுதினார். அவள் கட்டிலில் திரும்பிப் படுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்துக் கூட்டத் தெரியாதவள். "என் பேருதானே எழுதியிருக்காங்க?" என்று என்னைக் கேட்டாள். ஆமாம் என்றேன். "நல்லா இருக்கு" என்றாள்.

பொங்கலுக்கு முன்னால் இறந்துபோனாள்.

அந்த ஒரு வார இடைவெளிதான் கொன்றதா என்று டாக்டரைப் போய்க் கேட்டேன். தெரியாது என்றார். முன்னாலேயே முற்றிப் போயிருந்தது, நிறுத்தாமல் போட்டிருந்தாலும் இதேதான் நடந்திருக்கலாம், நடக்காமலும் இருந்திருக்கலாம் என்றார். வேறொருவராக இருந்தால் எனக்கு ஆறுதலாக ஒரு பக்கம் சாய்த்துச் சொல்லியிருப்பார். அதனால் அவரை நம்பினேன். நம்பியதால் இன்றுவரை எனக்கும் தெரியாது.

இறப்புப் பதிவில் பவுனு என்றே ஏறியது. மாத்தாளைச் சங்கம் ஏற்கும் ஆணை அதற்குப் பிறகும் பல பேருக்குப் பயன்பட்டது. புதுச் சட்டம் வந்து அட்டையும் நம்பரும் கொடுத்த பிறகு அதை யாரும் தேடவில்லை. என்னிடம் கேட்டால் அது ஒரு நல்ல வேலை என்றுதான் சொல்வேன். செத்தவளைத் தவிர எல்லோருக்கும் நல்லது நடந்தது.

பல மாதம் கழித்து அஞ்சலை ஆபீசுக்கு வந்தாள். அதுவரை அவளை நான் பார்த்ததில்லை. சோடா கம்பெனியில் தன் இடத்துக்குத் திரும்பிவிட்டாள். சேலை முந்தி நனைந்திருந்தது, இடுப்பில் குழந்தை. உள்ளே வராமல் கதவோரமாக நின்றாள். முதலாளி நடந்ததை எல்லாம் சொல்லியிருக்கிறார். அவளை எதிர்கொள்ளவே எனக்குக் கூச்சமாக இருந்தது. திட்ட வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன், திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் நினைத்தேன்.

"அவதான் என் பேரு வேணாம்னு சொன்னாளா சார்?"

"ஆமாம்மா. உனக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுன்னு சொன்னா."

குழந்தை என் மேசை மேல் இருந்த பேனாவுக்குக் கை நீட்டியது. அவள் அந்தக் கையைப் பிடித்து மடக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டாள்.

"பேரை மட்டும் பத்திரமாத் திருப்பிக் குடுத்துட்டா சார்" என்றாள். "அவ எங்கன்னு இவன் கேட்டா, நான் இன்னா சொல்லுவேன்?"